மஞ்சள் குப்பி

குத்தாயிசி. அக்டோபர். காலை எட்டே கால்.
ஆற்றைப் பார்த்த இரண்டாம் மாடியின் பின்னறையில்
வெதுவெதுப்புப் பெட்டியைத் திறக்கிறேன்.
இரண்டு குப்பிகள்.

ஒன்று மஞ்சள். அது மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும்.
நீராவிக்குள் போகாத வித்துகள் அதில்;
உயிருக்கு என்ன நிறம் என்று
எனக்கு நினைவூட்ட மட்டும் வைத்தது.
மற்றது ஊதாவாக இருக்க வேண்டும்.
செத்தது நிறம் மாறாது.

மற்றதும் மஞ்சள்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
மஞ்சள்.
நூற்று முப்பத்து நாலு டிகிரியில் வெந்துபோனதாக
இயந்திரம் அச்சடித்துத் தந்தவை
இரண்டு நாள் கதகதப்பில் கண் விழித்து,
பசித்து, தின்று, பெருகி
என் விரல்களுக்கு நடுவே இருக்கின்றன.

அலமாரியில் பைகள்:
கொக்கி, குறடு, வேர்த் துளை அராவும் ஊசி.
ஒவ்வொரு பையின் பட்டையிலும் கறுப்புக் கோடு
ஒழுங்காக விழுந்திருக்கிறது.
பதினோரு வருஷம் அந்தக் கோட்டை நம்பினேன்.
சூடு பட்டது என்றுதான் அது சொன்னது.
செத்தது என்று நானாகப் படித்துக்கொண்டேன்.

கதவின் ரப்பர் வளையத்தில்
நகக்கீறல் அளவு ஒரு வெடிப்பு.
பார்த்திருந்தேன்.
வாரக் கடைசியில் சொல்லலாம் என்றிருந்தேன்.

"நானுலி, குறடு!"
முன்னறையில் டாக்டர் குராந்தா.
நாற்காலியில் ஓத்தியா, தாடை வீங்கி,
திராட்சை மிதித்த நீலம் இன்னும் நகக்கண்ணில்.
வாயைத் திறந்தே வைத்திருக்கிறார்.

குறட்டுக்குப் பதில் குப்பியை நீட்டினேன்.

டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை.
மணிக்கட்டிலிருந்து உள்வெளியாக
கையுறையை உரித்துப் போட்டார்.
யாரையும் தொட்டிருக்கவில்லை, ஆனாலும்
வெகுநேரம் கை கழுவினார்.

"இன்றைக்கு இங்கே பிடுங்க முடியாது."
ஓத்தியா வாயை மூடிச் சிரித்தார்:
"பட்டாளத்தில் ஒரே ஊசி, நாலு பேர் போட்டுக்கொண்டோம்.
என்ன ஆகிவிட்டது?"
"நாலு பேரும் இருக்கிறார்களா?"
"ஜுராப் இல்லை." கொஞ்ச நேரம் கழித்து,
"கண்ணெல்லாம் மஞ்சளாகி..."
அதற்குமேல் அவரும் சொல்லவில்லை.
வலிக்கு மாத்திரை கொடுத்து, சீட்டு எழுதி,
பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் டாக்டரிடம் அனுப்பினோம்.
கொண்டுவந்த ஒயின் பாட்டிலை மறந்தாரோ,
வேண்டுமென்றே விட்டுப் போனாரோ.

போன செவ்வாய் ஊதா. இந்தச் செவ்வாய் மஞ்சள்.
இடையில் நாற்பத்தொரு வாய்கள்.

பதிவேட்டை நான் பிடித்துக்கொள்ள
டாக்டரே ஒவ்வொரு எண்ணாக அழைத்தார்.
ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் ரத்தப் பரிசோதனை.
இப்போது ஒன்று, சில மாதம் கழித்து ஒன்று.
செலவு எங்களுடையது. தவறும் எங்களுடையது.
முதல் ஆள் நன்றி சொன்னார்.
ஆறாவது ஆள் எங்கள் அம்மாவரை போய்த் திட்டினார்.
பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி பேசவே இல்லை;
அவள் வீட்டில் குழாய் திறந்தபடி கிடந்தது,
தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

பத்தொன்பதாம் பெயருக்கு நான் விரலை நகர்த்தவில்லை.
"யார்?"
"வெள்ளிக்கிழமை, கடை மூடும் நேரம்,
கடைவாயில் ஒரு சொத்தை அடைத்தீர்களே."
டாக்டர் ரிசீவரைக் கீழே வைத்தார்.
"நானுலி..."
"தெரிவித்தாயிற்று என்று போட்டுக்கொள்கிறேன்" என்றேன்.
போட்டுக்கொண்டேன். இருபதாவது எண்ணைப் படித்தேன்.

மாலையில் மெக்கானிக் வந்து புது வளையம் மாட்டினான்.
காலிக் கலனை மூன்று முறை ஓட்டினோம்,
முறைக்கொரு குப்பி.
பைகளையெல்லாம் கிழித்தேன்.
கழுவி, துலக்கி, காயவைத்து, மறுபடி கட்டினேன்.
கட்டியதைத் தனியாக வைத்து
தொடாதே என்று எழுதி ஒட்டினேன்,
அந்த அறையில் என்னைத் தவிர யாரும் தொடமாட்டார்கள் என்றாலும்.

விளக்கை அணைத்தேன்.
இருட்டில் எந்தக் குப்பிக்கும் நிறமில்லை.
சனிக்கிழமை காலைதான் தெரியும்.

படியிறங்குகிறேன்.
நாக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போய்
அந்தக் கடைவாய்ப் பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது.